வியாழக்கிழமைக்காக ஒரு நடை

தஞ்சாவூர் டாக்டரம்மாவின் அறையிலிருந்து மீரா உசேன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்த இடத்தில் போன வாரம் அவரை விட்டிருந்தோம். அதன் பிறகு ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. மேட்டூரிலேயே தண்ணீர் இல்லையாம், கடைமடைக்கு எங்கிருந்து வரப்போகிறது என்று ஊரே அலுத்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் முத்துப்பேட்டையில் அவர் வீட்டில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது. மீரா உசேன் தினமும் நடந்தார்.

தினமும் என்றால் தினமும்தான். அதை நம்ப அவர் மனைவி நூர்ஜஹானுக்கே கொஞ்ச காலம் பிடித்தது.

முன்கதை அப்படி. சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிடங்கை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டு, பெட்டியோடும் சர்க்கரை வியாதியோடும் போன வருஷம் ஊர் திரும்பியவர் அவர். துபாயில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் மகன் ஆஸிம், வாப்பாவுக்கென்று உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை அனுப்பிவைத்தான். கூடத்து ஜன்னலோரம் போட்டுச் சில நாள் மிதித்தார். முழங்கால் வலி வந்ததும் நிறுத்தினார். மருமகள் ஃபஹ்மிதா அதன் கைப்பிடியில் துண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

டிவியில் வந்த யோகாவைப் பார்த்துக் குனிந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் நடக்கலாம் என்று கிளம்பினால் அது நடையாகவே இல்லை. ஜவுளிக்கடையில் ஒருவர் கூப்பிட்டு உட்கார வைப்பார். செருப்புக்கடையில் இன்னொருவர் கையைப் பிடித்து நிறுத்துவார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் டீ வரும், இனிப்பு தூக்கலாக. போனதைவிடக் கூடுதல் சர்க்கரையோடுதான் வீடு திரும்புவார்.

இதையெல்லாம் கேட்டு டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிடிக்காததை வீம்புக்குச் செய்தால் இப்படித்தான் விட்டுப்போகும் என்றார். கொஞ்ச தூரம் போதும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில், பிடித்த வழியில், பிடித்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பிடித்த ஆள் என்றதும் மீரா உசேன் திரும்பி நூர்ஜஹானைப் பார்த்தார். ஏதோ தப்பில் அகப்பட்டுக்கொண்டவளைப் போல அவள் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த நடை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அவர் பள்ளிவாசலிலிருந்து நேரே ஆற்றுப்பக்கம் வந்துவிடுவார். அவள் கொல்லை வழியாக வந்து சேர்ந்துகொள்வாள். கோரையாற்றின் கரையோடு, முதலில் ஐஸ் கம்பெனி வரைக்கும்தான். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கும் முழங்காலில் வலி உண்டு, யாரும் கேட்காததால் சொல்லிக்கொண்டதில்லை. பத்து நாள் போனபின் படகுகள் கட்டியிருக்கும் துறை வரை போனார்கள். அப்புறம் அதையும் தாண்டி, ஜாம்பவானோடை தர்காவின் மினார் தெரிகிற வளைவு வரை.

திரும்பி வரும்போது, அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து வரும் படகுகளில் அவரே பார்த்து மீன் வாங்குவார். மடவை, கொடுவா, சில நாள் இறால். அந்த மீனுக்காகவே நடக்கலாம் என்று சொல்வார். பாலைவனத்தில் இருந்த காலமெல்லாம் ஐஸில் விறைத்த மீனையே தின்றவர் அவர்.

நூர்ஜஹானுக்கு மீன் பெரிதில்லை. அவளுக்குப் பேச்சு.

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஊருக்கு வந்ததெல்லாம் லீவுக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் வீடு நிறைய ஆள். யாராவது செண்ட் பாட்டில் கேட்டு வருவார்கள், யாராவது விசா கேட்டு வருவார்கள். புருஷனோடு தனியாக உட்கார்ந்து ஒரு பேச்சை ஆரம்பித்து முடித்ததாக அவளுக்கு நினைவில்லை. இந்தக் கரையில்தான், நாற்பத்தெட்டு வயதில், அவர் இஞ்சியைக் கண்டால் முகம் சுளிப்பார் என்பதும், கிடங்கில் ஒரு பூனை வளர்த்தார் என்பதும், முதல் வருஷம் முழுக்கத் தலையணையில் முகம் வைத்து அழுதார் என்பதும் அவளுக்குத் தெரியவந்தன.

அவள் முழங்கால் வலி குறைந்திருந்தது. சாப்பிட்டதும் நெஞ்சை அடைப்பது நின்றிருந்தது. காலையில் எழும்போது, இன்றைக்கு என்ன வேலை பாக்கி என்று நினைக்காமல், இன்றைக்கு எது வரை போவோம் என்று நினைத்து எழுந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் போலிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் நடந்தார்கள்.

மீரா உசேன் வழக்கத்தைவிட வேகமாகப் போனார். மெதுவாகப் போங்கள் என்று அவள் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. முந்தைய நாள் லேபில் எடுத்த ரத்தச் சோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்ததை, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அவர் சொல்லியாகிவிட்டது. படகுக்காரரிடமும் சொன்னார். பசியாறிவிட்டு, திருத்துறைப்பூண்டியில் ஒரு வேலை இருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று பஸ் ஏறினார். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. நடையில் வந்த சந்தோஷம் அவள் உடம்பில் இன்னும் இருந்தது.

போன் வந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பேசியது முகம்மது யூசுப். கடைத்தெருவில் டிராவல்ஸ் வைத்திருப்பவர், ஊரில் பாதிப் பேரைப் பிளேன் ஏற்றியவர். அண்ணன் முறையில் மீரா காக்கா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும், பரவாயில்லை, ராத்தா நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவசரமாகச் சொன்னார். வியாழக்கிழமை திருச்சியில் விசாவுக்கான மெடிக்கல் சோதனைக்குத் தேதி கிடைத்துவிட்டதாம். காக்கா வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். சர்க்கரை மட்டும் கூடாமல் இருந்தால் போதும், மற்றதைத் தம்மாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம்.

நூர்ஜஹான் சரி என்றாள். போனை வைத்தபிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

சர்க்கரை மட்டும் கூடாமல் இருந்தால் போதும்.

வாரம் தவறாமல் லேபுக்குப் போனது, டீயை இனிப்பில்லாமல் குடிக்கப் பழகியது, மழைத்தூறல் விழுந்த அன்றைக்கும் குடையோடு வந்து கரையில் நின்றது எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்தது. அவளோடு நடக்க வந்ததாக அவள் நினைத்திருந்தாள். அவர் திருச்சிக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

அடுக்களை வாசலில் ஃபஹ்மிதா நின்றிருந்தாள். கையில் பாதி சுத்தம் செய்த இறால். அவள் முகத்தைப் பார்த்ததும் நூர்ஜஹானுக்கு இன்னொன்றும் விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

ஃபஹ்மிதா தரையைப் பார்த்தாள். "தெரியும் மாமி. அவங்க போன்ல சொன்னாங்க."

மெல்ல மெல்ல மற்றதும் வந்தது. ஆஸிமுக்கு அங்கே இருப்பு கொள்ளவில்லை. ஊரிலேயே ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று வாப்பாவிடம் கேட்டிருக்கிறான். கடை நிமிர்கிற வரைக்கும் வீடு ஓடவேண்டுமே. பழைய கம்பெனியில் கிடங்குக்கு ஆள் கேட்பதாக மீரா உசேனுக்குத் தகவல் வந்திருந்தது. நான் போகிறேன், நீ வா என்று மகனிடம் சொல்லிவிட்டார். உம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

"சொல்லியிருக்கணும் மாமி. சொன்னா நீங்க தடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மழுப்பவும் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் புருஷனோடு அவள் குடும்பம் நடத்தியது ஒரு லீவு அளவுக்குத்தான். வெள்ளிக்கிழமை போன் வருகிற நேரத்துக்கு முன்பே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, போனுக்கு அந்தப் பூ தெரியாது என்று தெரிந்தும், போன் பக்கத்து முக்காலியில் வந்து உட்காருகிற பெண். நூர்ஜஹானுக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்குத் தெம்பு இல்லை. இதே வீட்டில் இதே மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்ததை அவள் அறிவாள்.

இறாலைக் கழுவச் சொல்லிவிட்டுத் திரும்பவும் வெங்காயத்திடம் போனாள்.

மதியம் மீரா உசேன் வந்தார். புதிய போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும், முகம் மழித்துப் பளிச்சென்று இருந்தது. அவள் சோறு போட்டாள். யூசுப் பேசியதைச் சொல்லவில்லை. வீட்டுக்குள் அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மருமகள் காதில் விழும் என்பது மட்டும் காரணமில்லை. இந்த வீட்டுக்குள் அவர்கள் இருவரும் பேசிப் பழக்கமில்லை.

அஸர் தொழுகை முடிந்து அவர் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும், "வாங்க, நடக்கலாம்" என்றாள்.

மீரா உசேன் நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலத்தில் நடப்பது வழக்கமில்லை. அவளாகக் கூப்பிடுவதும் வழக்கமில்லை. காலையில்தானே நடந்தோம் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டதைப் பார்த்து எழுந்துகொண்டார்.

கரையில் வெயில் இறங்கவில்லை. ஆற்றில் மேலிருந்து தண்ணீர் வராததால் கடல்தான் உள்ளே ஏறிக் கிடந்தது. ஓரத்து மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஐஸ் கம்பெனியைத் தாண்டினார்கள்.

"வியாழக்கிழமை வெறும் வயித்தோட வரணுமாம்" என்றாள்.

அவர் நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. அதனால் அவரும் நடக்கவேண்டியிருந்தது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் நூரு."

"எப்ப? பிளேன்ல ஏறின பொறவா?"

கொஞ்ச தூரம் போனபின் அவள் மறுபடி கேட்டாள். கேட்டபோது குரலில் சண்டை இல்லை.

"அதுக்காகத்தான் நடந்தீங்களா?"

"மொதல்ல அதுக்காகத்தான்." மீரா உசேன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்புறம் அது மறந்துபோச்சு. விடிஞ்சா உன்னோட பேசிக்கிட்டு நடக்கலாம்னு இருந்துச்சு. நேத்து லேபுல ரிசல்ட்ட பார்த்தப்பதான் மறுபடி ஞாபகம் வந்துச்சு."

நடந்துகொண்டே அவர் தொடர்ந்தார். இந்த ஒன்றரை மாதத்தில்தான் தனக்கு விளங்கியது என்றார். பொண்டாட்டியோடு ஒரு ஆற்றங்கரையில் நடப்பது என்றால் என்ன என்று தெரியாமலே ஒரு வயசு போய்விட்டது. அங்கே ஒரு அறையில் ஆறு கட்டில். வேலை, சோறு, தூக்கம். இந்த நடையைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால், நடுவில் மனம் மாறி, ஆஸிமிடம் இன்னும் சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்லியிருப்பார். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"அவனுக்கு முப்பது வயசுதான். அவனும் என்னை மாதிரி ஆயிடக்கூடாது."

நூர்ஜஹான் துப்பட்டி நுனியால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் பொண்டாட்டியோட இருக்கணும்னு நீங்க உங்க பொண்டாட்டிய விட்டுட்டுப் போறீங்க. அதானே?"

"கொஞ்ச வருஷம்தான்."

"மொத தடவையும் அதைத்தாங்க சொன்னீங்க."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நாள் பூராவும் தலையில் எதையோ சுமந்து வந்து, இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்பது போலிருந்தது. நடந்தாள். படகுத் துறை வந்தது. தர்கா மினார் தெரியும் வளைவு வந்தது. தினமும் திரும்பும் இடம் அதுதான். அவள் திரும்பவில்லை.

வளைவுக்கு அப்பால் பாதை குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் அவள் போனதே கிடையாது. கால்கள் தம் பாட்டுக்கு நடந்தன, வலி இல்லாமல். அவ்வளவு களைப்பிலும் அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த நடை அவருக்கானது என்றுதானே ஆரம்பித்தாள்? இனிமேல் அவர் இருந்தாலும் போனாலும் இந்தக் கால்கள் நடக்காமல் இருக்கப்போவதில்லை என்று தோன்றியது.

பின்னால் அவர் வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செருப்பு ஒரு காலில் சப்பென்றும் மறுகாலில் வேறு மாதிரியும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

மீரா உசேன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டு வந்தார். அவருடைய இடது செருப்பின் ஓரம் சிவப்பாக நனைந்திருந்தது. அவர் மிதித்து வந்த மண்ணிலும் அங்கங்கே அந்தச் சிவப்பு.

"என்னங்க, கால்ல என்ன?"

"என்ன?" என்று அவரும் குனிந்து பார்த்தார்.

கீழே விழுந்து கிடந்த பனைமரத் துண்டு ஒன்றில் அவரை உட்கார வைத்தாள். முழங்கால் மடங்க மறுத்தும் மண்ணில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்துக்கொண்டாள். விரல் நீளக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியிருந்தது. எவ்வளவு தூரமாக அதன் மேல் நடந்து வந்தாரோ. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முள் வந்தது, கூடவே ரத்தமும்.

"வலிக்குதா?"

"இல்லையே" என்றார் சாதாரணமாக.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. அவள் விரலால் குதிகாலை அழுத்தினாள். பக்கத்தில், விரல்களுக்குக் கீழே, நடுவில். தெரிகிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றே தலையசைத்தார். சர்க்கரை பழசானால் கால் மரத்துப்போகும், அது தெரியாமல் புண் வைத்து விரலையும் காலையும் எடுக்கும்படி ஆகும் என்று இந்த ஊரில் தெரியாத வீடு இல்லை. அவருக்கு எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே என்றார். மெடிக்கலில் காலைப் பார்க்கமாட்டார்கள், ரத்தம்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் மிகவும் சிறுத்துவிட்டிருந்தது.

நூர்ஜஹான் அவர் கைக்குட்டையை வாங்கிக் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"நாளைக்குக் காலையில நடை கிடையாது. மொத பஸ்ஸுல தஞ்சாவூர் போறோம். டாக்டரம்மாகிட்ட இந்தக் காலைக் காட்டுறோம்."

"வியாழக்கிழமை?"

"மொதல்ல கால்."

அவர் மறுக்கவில்லை. எழுந்து நின்றபோது எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கையைக் காற்றில் வைத்திருந்தார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

படகுத் துறையில் இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் லாரி நின்றது. கடைத்தெரு முனையில் ஜவுளிக்கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். சாயங்கால வெளிச்சத்தில், ஊர் பார்க்க, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மீரா உசேன் தெருவில் நடந்தார். ஒருவரும் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. அவள் துப்பட்டி தலையிலிருந்து நழுவியது. அதைச் சரிசெய்ய அவளுக்குக் கை ஒழியவில்லை.

வீட்டு வாசலில் ஃபஹ்மிதா நின்றிருந்தாள். மாமாவின் காலைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓடிவந்து மறுபக்கம் பிடித்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். வெந்நீர் வைக்கப் போனவள் பாதியில் நின்று, போனைக் கை காட்டினாள். ரிசீவர் முக்காலியில் கிடந்தது.

"அவங்க லைன்ல இருக்காங்க மாமி. மாமாவுக்கு மெடிக்கல் வந்துடுச்சா, இங்க வேலைக்கு நோட்டீஸ் குடுத்துடட்டுமான்னு கேக்குறாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே சொல்லுங்க."

மீரா உசேன் நாற்காலியிலிருந்து மனைவியைப் பார்த்தார். ஃபஹ்மிதாவும் பார்த்தாள். இருவர் கண்ணிலும் இருந்தது ஒரே கேள்வி. எதிர்பார்த்த பதில்தான் வேறு: ஃபஹ்மிதாவுக்கு அவன் வரவேண்டும், அவருக்குத் தான் போகாமல் இருக்கவேண்டும்.

நூர்ஜஹான் ரிசீவரை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். தூரத்தில் ஏதோ இரைச்சல், நடுவில் உம்மா, உம்மா என்று மகனின் குரல். எப்படி இருக்கீங்க, வாப்பா நடக்குறாங்களா என்று கேட்டான்.

"வாப்பா நடக்குறாங்க, நானும் நடக்குறேன்" என்றாள். "யாரு போறது, யாரு வர்றதுன்னு அப்புறமா பேசுவோம் ஆஸிம். மொதல்ல ஒண்ணு சொல்லு. வாப்பாவுக்கு இந்தச் சர்க்கரை உன் வயசுலதான் ஆரம்பிச்சுது. நீ அங்க தினமும் நடக்குறியா? கால்ல சூடு பட்டா தெரியுதா?"

மகன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான்.